நீ கேட்ட முப்பது பொட்டலம்

செந்தில்,

நீ கேட்ட முப்பது பொட்டலத்தையும் நான் அனுப்பப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கூரியர்காரன் வருவான் என்று நீ வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று கட் பண்ணிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித்தான் வரும். நாலு வரிக்குமேல் பொறுமை இருக்காது, மகாவிடம்தான் நீட்டுவாய். கோவில்பட்டியில் தமிழ் மீடியம் படித்த பெண், அவள் தடங்கல் இல்லாமல் உனக்கு வாசித்துக் காட்டுவாள். அவளிடம் சொல்லாதீர்கள் என்று நீ கேட்டுக்கொண்ட விஷயமும் இதில் இருக்கிறது. தெரிந்துதான் எழுதுகிறேன். பெண்டாட்டிக்குத் தெரியாமல் மாத்திரை விழுங்கும் மகனுக்கு அப்பன் வேறு எப்படிக் கடிதம் எழுதுவான்? மகா, அவன் பிடுங்க வந்தாலும் கொடுக்காதே அம்மா, கடைசிவரை வாசி.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ கடைக்குப் போன் செய்தாய். "அப்பா, நம்ம தலவலி செட்டு ஒரு முப்பது போட்டு கூரியர்ல விடுங்களேன்" என்றாய். எத்தனை பேருக்குல என்று கேட்டேன். "எனக்குத்தான். இங்க மெடிக்கல்காரன் சும்மா சும்மா டாக்டர் சீட்டு கேக்கான். ஆபீஸ்ல மந்த் எண்டு வேற. ஸ்க்ரீனப் பாத்தாலே ஒரு பக்கம் மண்ட பொளக்கு." வாரத்துக்கு எத்தனை போடுகிறாய் என்று கேட்டேன். "அரே, சோடோப்பா, விடுங்க. நாலு, அஞ்சு. சாதா சர்தர்த், தலவலிதான்." மகாவுக்குத் தெரியுமா என்றேன். "அவகிட்ட சொல்லாதீங்க. சும்மா டென்ஷன் ஆவா." நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கவுன்ட்டருக்கு எதிரே ஒரு அம்மா இருமல் மருந்து கேட்டு நிற்கிறாள், எனக்கு அது எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியவில்லை. முப்பத்தோரு வருஷமாகக் கை வைத்து எடுக்கும் அலமாரி. உன் அம்மாவும் ஒரு காலத்தில் இதே "நாலு, அஞ்சு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகாவுக்கு அந்த செட்டு என்னவென்று தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். தொண்ணூறு அடி ரோட்டில் நான் வேலை பார்க்கும் மெடிக்கல் கடையில் சுவரில் மாட்டியிருக்கும் சர்டிபிகேட் முதலாளியுடையது. நான் பத்தாவதோடு நிறுத்தியவன். எந்த மாத்திரை எந்த நோய்க்கு என்பதை, யார் எதற்கு வாங்கிப் போகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். கேட்பவர்களுக்கு நானே மாத்திரைகளைச் சேர்த்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன். காய்ச்சலுக்கு ஒரு செட்டு, வயிற்றுப்போக்குக்கு ஒரு செட்டு. தலைவலிப் பொட்டலம்தான் என் பெயர் சொல்வது. வலி மாத்திரை ஒன்று, காஃபீன் கலந்த வேறொரு வலி மாத்திரை, வயிறு எரியாமல் இருக்க ஒன்று. தோல் பட்டறையில் பசை வாடையில் வேலை செய்கிறவர்கள், ஜரிகை வேலைக்காரர்கள், மாஹிமிலிருந்து ஒருவர், கோவண்டியிலிருந்து ஒருவர் என்று தேடிவந்து வாங்கிப் போவார்கள். நாம் குடியிருக்கும் லேபர் கேம்ப் முழுக்க எனக்கு "டாக்டர் அண்ணாச்சி" என்றுதான் பெயர். வேண்டாம் என்று வாயால் சொல்வேன், ஆனால் யாராவது வெறும் அண்ணாச்சி என்று கூப்பிட்டால் முகம் சுருங்கிவிடும். நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது உனக்குத் தெரியவேண்டும்.

உன் அம்மாவின் தலைவலி உனக்கு ஞாபகம் இருக்கும். எக்ஸ்போர்ட் துணிகளில் நூல் வெட்டும் வேலை, நாள் முழுக்க டியூப்லைட்டுக்குக் கீழே குனிந்தபடி. இடது கண் ஓரத்தில் முதலில் ஏதோ பளபளக்கும் என்பாள். அரை மணி நேரத்தில் அந்தப் பக்கம் முழுக்கத் துடிக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, பக்கத்து வீட்டில் தாளிக்கும் வாடை வந்தாலும் வீட்டு மூலையில் பாத்திரம் கழுவும் மோரியில் போய்க் குனிந்து வாந்தி எடுப்பாள். மூன்று பேர் வாழும் ஒற்றை அறையில் இருட்டுக்கு எங்கே போவது? ஈரத்துண்டால் கண்ணை மூடிக்கொண்டு, குழாயடிச் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். ஆறாவது படிக்கும்போது மாட்டுங்காவில் உன் பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகத்தில் நீ மந்திரி வேஷம் போட்டாய். மேடை லைட்டும் ஸ்பீக்கரும் தாங்காமல் அம்மா பாதியில் எழுந்து போய்விட்டாள். நீ ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அப்போது உன்னைக் கூப்பிட்டு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லலே, வெறும் தலவலி. கொஞ்சம் பொறுத்துக்கிட்டிருந்திருக்கலாம்" என்றேன். அவள் காதில் விழும்படிதான் சொன்னேன். அந்த 'வெறும்' என்ற சொல்லுக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அவள் மேல் பிரியம் இல்லாதவன் இல்லை நான். மற்றவர்கள் வீட்டுக்குப் போகும்போது பூ வாங்கிப் போவார்கள், நான் பொட்டலம் கொண்டு போவேன். ஆரம்பத்தில் மாதத்துக்கு இரண்டு போதும். பிறகு வாரத்துக்கு இரண்டு. பிறகு காலையில் டீ குடிக்கும் முன்னாலேயே ஒன்று. வலி வரும் முன்னே போட்டுவிட்டால் நல்லது என்று அதற்கும் நானே ஒரு சாஸ்திரம் சொல்லிக் கொடுத்தேன். மாத்திரை போட்டால் மூன்று மணி நேரம் நன்றாக இருப்பாள், பிறகு மறுபடியும் வலி. சரி, வலி பலத்துவிட்டது, மாத்திரையும் பலமாக வேண்டும் என்று மாற்றினேன். வலி மாத்திரையை ஓயாமல் போட்டால் அந்த மாத்திரையே வலியை இழுத்துக்கொண்டு வரும் என்பது எனக்குத் தெரியாது. கடையில் தினமும் தலைவலிக்கு மாத்திரை விற்றவனுக்குத் தெரியாது. நம் வீட்டில் உன் அம்மாவுக்கு வந்த நோயில் பாதி அவள் உடம்போடு வந்தது, மீதிப் பாதி என் சட்டைப்பையில் வந்தது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. நீ பன்னிரண்டாவது படிக்கும்போது செம்பூரில் ஒரு டாக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வயதானவர், நிதானமாகக் கேட்டார். "இது மைக்ரேன். வந்தபிறகு அடக்குவதற்கு ஒரு மாத்திரை, வராமல் தடுப்பதற்குத் தினமும் ஒரு மாத்திரை" என்று எழுதிக் கொடுத்தார். ஒரு நாள்கூட விடாமல் போடவேண்டும், பலன் தெரிய இரண்டு மாதம்கூட ஆகலாம், நடுவில் நிறுத்தாதீர்கள் என்றும் சொன்னார். கடைக்கு வந்து சீட்டைப் பார்த்தேன். தினமும் போடச் சொன்ன மாத்திரையை எனக்கு நன்றாகத் தெரியும். மனசு சரியில்லை என்று சிகிச்சை எடுப்பவர்கள் மாதாமாதம் என்னிடம் வாங்கிப் போவது அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தலவலிக்கு வந்தா பைத்தியத்துக்கு எழுதிக் குடுக்கான். நீ நல்லாத்தான இருக்க?" என்றேன். அவள் பத்து நாள் போட்டாள். வாய் உலர்ந்தது, காலையில் எழுந்திருக்க முடியவில்லை, வலியும் குறையவில்லை. நான்தான் நிறுத்தச் சொன்னேன். ஒரே மாத்திரை ஒருவருக்கு மனசுக்கும் இன்னொருவருக்குக் குறைந்த அளவில் தலைவலிக்கும் கொடுக்கப்படும் என்று படித்த டாக்டருக்குத் தெரியும். யார் எதற்கு வாங்கினார்கள் என்பது மட்டுமே எனக்குத் தெரியும். அந்த அரைகுறை அறிவால் உன் அம்மாவுக்குப் போனது ஆறு வருஷம். இதை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உன்னிடம் சொல்ல இன்றைக்குத்தான் வாய் வந்திருக்கிறது.

நீ வேலை கிடைத்துப் புனேவுக்குக் கிளம்பிய அன்று உனக்கும் அதே ஒரு பக்கத் தலைவலி தொடங்கியிருந்தது. அம்மாவின் ஜாடை மட்டும்தான் உனக்கு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நான் என்ன செய்தேன்? உன் பையில் துணிக்கு நடுவே பத்துப் பொட்டலம் வைத்து, "தலவலிச்சா ஒண்ணு போட்டுக்கோ, சரியாயிரும்" என்றேன். வழி காட்டியதே நான்தான். அதனால்தான் இந்தக் கடிதத்தில் உன்னைத் திட்டுவதற்கு எனக்கு வக்கில்லை. ஆனால் தடுப்பதற்கு உரிமை உண்டு, அதை விடமாட்டேன்.

நீ போன பிறகு நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, இப்போது தேவலை என்று மட்டும் போனில் சொன்னேன். அவமானம், வேறென்ன? மூன்று வருஷம் முன்பு உன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா என்று அங்கே சொல்லிவிட்டார்கள். நானும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனேன். சின்ன வயசு மராட்டிப் பெண் டாக்டர். இவங்களுக்கு மாசத்துக்கு எத்தனை கோலி, எத்தனை மாத்திரை குடுக்கறீங்க என்று இந்தியில் கேட்டார். நான் விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை முடிந்து, இரண்டு கை முடிந்து, மறுபடி முதல் கைக்கு வந்தேன். டாக்டர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோபமே இல்லாமல், நீங்கள் டாக்டரா என்று கேட்டார்: "ஆப் டாக்டர் ஹைங் க்யா?" லேபர் கேம்ப் முழுக்க என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது. "நஹி, மேடம்" என்றேன். சொல்லும்போது உன் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கூரையில் ஓடும் பேனைப் பார்த்தாள். என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம்.

அந்த டாக்டர் சொன்னதை உனக்கு நான் புரிந்துகொண்ட மாதிரி சொல்கிறேன். மழை பெய்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தபின் வாளியில் அள்ளி ஊற்றுவது ஒரு வேலை, மே மாசத்திலேயே கூரைக்குத் தார்ப்பாய் போடுவது இன்னொரு வேலை. நாம் இத்தனை வருஷமாக அள்ளிக்கொண்டே இருந்தோம். முதலில் அந்த வலி மாத்திரையை ஒட்டுமொத்தமாக நிறுத்தவேண்டும், தினமும் போடும் தடுப்பு மாத்திரையைத் தொடங்கவேண்டும், நிறுத்திய முதல் சில நாள் வலி கூடும், பயப்படாதீர்கள் என்றார். வாந்திக்கு மட்டும் மருந்து கொடுத்தார். கூடும் என்றால் எப்படிக் கூடும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. முதல் நாளே உன் அம்மா சுருண்டுவிட்டாள். இரண்டாம் நாள், "ஏங்க, ஒண்ணே ஒண்ணு குடுங்க, உங்க கால்ல விழுதேன்" என்றாள். மூன்றாம் நாள், "ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்தீரு, எனக்குக் குடுக்க மட்டும் கை வரலையா? நீரெல்லாம் மனுசனா?" என்று கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் அப்படிப் பேசியதில்லை. நான் அசையவில்லை. கொடுக்காமல் இருப்பதும் ஒரு வேலைதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறாம் நாள் அவள் கத்தவில்லை. வெறுமனே கிடந்தாள். அது எனக்குத் தாங்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது கடையிலிருந்து ஒரு பொட்டலம் மடித்து எடுத்து வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று மட்டும் போட்டுக்கொள், டாக்டருக்கு யார் சொல்லப் போகிறார்கள் என்றேன். அவள் துண்டை விலக்கி ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். "அஞ்சு நாளு நா செத்துப் பொழச்சிருக்கேன். அத ஒரு நிமிசத்துல அழிக்கப் பாக்கீரே. கொண்டு போயி மோரில போடும்" என்றாள். போட்டேன். ஒரு குவளைத் தண்ணீரும் ஊற்றினேன். அவள் கெஞ்சியபோது கொடுக்காதவன், கெஞ்சாதபோது கொடுக்கப் போனேன். என் பிரியத்தின் லட்சணம் அவ்வளவுதான், செந்தில். அன்றைக்கு எங்கள் இருவரில் யாருக்கு மன உறுதி இருந்தது என்பதை நீ தெரிந்துகொள்ளவேண்டும், நீ அவள் பிள்ளை.

பத்தாம் நாளுக்கு மேல் வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. செம்பூர் டாக்டர் எழுதிய அதே மாத்திரையைத்தான் இவரும் எழுதியிருந்தார், இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் வாரத்துக்கு ஒரு நாள் ஆயிற்று. இப்போது மாதத்துக்கு இரண்டு நாள், சில மாதம் மூன்று. முற்றிலும் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். வரும் நாளில் மைக்ரேனுக்கென்றே டாக்டர் கொடுத்த மாத்திரையைக் கண் பளபளப்பு அடங்கி வலி தொடங்கியதுமே போடுகிறாள், அதுவும் டாக்டர் சொன்ன கணக்குக்கு மேல் இல்லை. காலண்டரில் வலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு கோடு. கடையிலும் நான் செட்டு மடிப்பதை நிறுத்திவிட்டேன். முதலாளி முறைத்தார். "டாக்டர் அண்ணாச்சிக்கு என்னாச்சு, மறந்துபோச்சா?" என்று கேம்ப்காரர்கள் கேலி செய்தார்கள். சிலர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். போகட்டும். அடிக்கடி தலைவலிக்கு வருபவர்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறேன். பத்தில் இரண்டு பேர் போகிறார்கள், எட்டுப் பேர் என்னைத் திட்டுகிறார்கள்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். அம்மாவின் மாத்திரையை உனக்கும் போட்டுப் பார்க்கலாமே என்று உன் மூளை ஓடும், எனக்குத் தெரியாதா? அதையும் அனுப்பமாட்டேன். தடுப்பு மாத்திரையில் பல வகை உண்டு. பிரஷருக்குக் கொடுக்கும் ஒன்றையும் இதற்குக் கொடுப்பார்களாம், ஆனால் மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது என்று அந்த டாக்டர் சொன்னார். சின்ன வயசில் குளிர்காலம் வந்தால் உனக்கு நெஞ்சு கீச்சுக் கீச்சென்று இரைக்கும், மூச்சுப் பம்பு அடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் அனுப்புவோம். உனக்கு அது மறந்திருக்கும். நீ பார்க்கவேண்டியது நரம்பு டாக்டரை. அவரிடம் போகும்போது முதலில் அதைச் சொல். வாரத்துக்கு எத்தனை பொட்டலம் என்பதையும் குறைக்காமல் சொல். அவர் சொல்லும் நாளில் நிறுத்து, அவர் சொல்லும் மாத்திரையைத் தொடங்கு, பத்து நாளில் பலன் இல்லை என்று என்னை மாதிரி மேதாவித்தனம் பண்ணாதே. பக்க விளைவு இருந்தால் அவரிடமே போய்ச் சொல், வேறு மாற்றித் தருவார். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு டீயாகக் குடிப்பதை நிறுத்து. திடீரென்று இதுவரை வராத பயங்கர வலி வந்தாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ அது வேறு விஷயம், ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. மகா, நீ போலீஸ்காரி மாதிரி அவன் பையைத் துழாவவேண்டாம். வலிக்கிறது என்று அவன் சொல்லும்போது 'வெறும் தலைவலி' என்று மட்டும் சொல்லிவிடாதே, அது போதும்.

கடைக்குப் பதினைந்து நாள் லீவு சொல்லியாகிவிட்டது. நீ டாக்டரைப் பார்க்கும் தேதியை மகா எனக்குப் போனில் சொல்லட்டும், அதற்கு முந்தின நாள் நான் வந்துவிடுவேன். தனியாகக் கிளம்பலாம் என்றுதான் இருந்தேன். உன் அம்மா ஏற்கெனவே பையைக் கட்டிவிட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ எதற்கு இவ்வளவு தூரம் என்றேன். "நீரு மூணாம் நாளே எளகிருவீரு. எம்புள்ள பக்கத்துல நா உக்காந்துக்கிடுதேன். நீரு வேணும்னா சமையலப் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டாள். நீ என்ன வேண்டுமானாலும் கத்து, யார் காலில் வேண்டுமானாலும் விழு. நீ கேட்கப்போவதை எல்லாம் அவள் என்னிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டாள். அதனால் அவள் கொடுக்கமாட்டாள்.

உன் அப்பா